நாற்பத்தைந்து நாள் மழை

ஐந்தரைக்கு எழுவேன். பல் துலக்கி, அடுப்பு பற்றவைத்து, ஒரு சொம்பு வெந்நீர் போடுவேன். முந்தின நாள் களியை மோரில் கரைத்துக் குடிப்பேன். பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்ப்பேன். எட்டேகாலுக்கு நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் இருக்கும் நிலத்துக்குப் போவேன். நிலத்தின் ஓரத்தில் ஒரு சிமெண்டு மேடை. அதன்மேல் மழைமானி. எட்டரைக்கு அதன் புனலைக் கழற்றி, உள்ளே இருக்கும் குப்பியை எடுத்துப் பார்ப்பேன். தை மாதத்தில் அதில் ஒன்றும் இருக்காது. தேதி போட்டு 0.0 என்று எழுதுவேன். வீட்டுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்துவிடுவேன்.

மூன்று மாதமாக இப்படித்தான். 1969 ஜனவரி. எனக்கு இருபத்தாறு வயது. கோயம்புத்தூர் வேளாண்மைக் கல்லூரியில் எம்.எஸ்ஸி. இரண்டாம் வருடம். கல்லூரிக்குப் போகாமல் தருமபுரி பக்கம் எங்கள் ஊரான இண்டூரில் இருந்தேன். என் மனைவி லூர்து மேரி அக்டோபர் இருபத்து மூன்றாம் தேதி இறந்துபோனாள்.

அந்த மழைமானி என்னுடையதல்ல, கல்லூரியுடையது. மழையை மட்டும் நம்பி விதைக்கும் ராகி, எந்த வாரம் விதைத்தால் எவ்வளவு விளைகிறது என்பது என் ஆராய்ச்சி. எங்கள் மூன்று ஏக்கரில் அதற்குப் பாத்தி பிரித்திருந்தேன். நான் கோயம்புத்தூரில் இருக்கும்போது தினமும் மழையளவு எடுத்தவள் லூர்து. எட்டாவது வரை படித்தவள். 1967-இல் ஒரு நாள் தவறவில்லை. சனிக்கிழமை தோறும் ஒரு கார்டு போடுவாள். ஏழு எண்கள். கீழே ஒரு வரி. 'பசு கன்று போட்டது.' 'பாதர் மாறிவிட்டார்.' அவ்வளவுதான்.

1968 செப்டம்பர் இரண்டாவது வாரத்திலிருந்து வந்த கார்டுகளில் எண்கள் இல்லை. மழை பெய்த தேதிகளுக்கு நேரே 'மழை உண்டு. அளவு பிறகு' என்று எழுதியிருந்தாள். நான் கோபமாகப் பதில் போட்டேன். அடுத்த கார்டிலும் 'அளவு பிறகு' என்றுதான் வந்தது.

பொங்கல் கழிந்து பேராசிரியரிடமிருந்து கடிதம் வந்தது. நான்கு நாள் பிரிக்காமல் வைத்திருந்தேன். ஆஸ்திரேலியாவில் மானாவாரிப் பயிர் ஆராய்ச்சி, இரண்டு வருடம், உதவித்தொகையோடு. கல்லூரியிலிருந்து ஒரு பெயர்தான் அனுப்பலாம். என் பெயரை அனுப்ப விரும்புகிறார். ஆனால் இரண்டு பருவத்தின் மழைக் குறிப்பும் முழுதாக இணைக்க வேண்டும். 'உன் நோட்டில் செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 23 வரை நாற்பத்தைந்து நாள் வெற்றாக இருக்கிறது. தருமபுரி அளவை எடுத்துப் போட்டு நிரப்பு என்று சிலர் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். பிப்ரவரி பத்துக்குள் உன்னிடம் ஏதாவது இருந்தால் அனுப்பு. இல்லையென்றால் வேறு பெயர் போகும்.'

என்னிடம் ஒன்றும் இல்லை. குப்பித் தண்ணீரை ஊற்றி அளக்கும் அளவுக் கண்ணாடி உடைந்துவிட்டது என்று காய்ச்சலில் கிடந்தபோது லூர்து சொன்னாள். அதனால்தான் எண் எழுதவில்லை. கல்லூரிச் சொத்து, திட்டுவார்களோ என்று பயந்திருக்கிறாள். போனால் போகிறது என்றேன். மேலே ஏதோ சொல்ல வந்தாள். தூங்கிவிட்டாள். நானும் பிறகு கேட்கவில்லை.

பதில் எழுதத் தாள் எடுத்தேன். 'இல்லை' என்று எழுத வேண்டியதுதான். அதையும் எழுதாமல் இரண்டு நாள் போயிற்று.

மூன்றாம் நாள் பக்கத்து நிலத்து நஞ்சப்பன் வந்தார். கையில் ஒரு காலி சர்பத் பாட்டில்.

"தம்பி, இது உங்க அத்த வூட்டு பாட்லு. சந்தைக்குப் போறப்ப குடுக்கலாம்னு பாத்தன், மறந்து மறந்து போவுது. நீங்க பென்னாகரம் போனா குடுத்திருங்க."

"என்ன பாட்டிலுங்க?"

"தீர்த்தம். உங்க கோயிலுத் தீர்த்தம். எங்க செவலப் பசு கன்னு போட்டுட்டு எந்திரிக்காம கெடந்துச்சில்ல? அந்தம்மா குடுத்தாங்க. பாதியத் தெளிச்சன், பாதியக் குடிக்க வச்சன். மக்யா நாளு எந்திரிச்சி நின்னுக்கிச்சி."

"மாட்டு டாக்டர் வந்து ஊசி போட்டாரே."

"அவரும் போட்டாரு. எனக்கு ரெண்டு பேரு மேலயும் கோவம் இல்ல."

பாட்டிலை வாங்கினேன். கழுத்தைச் சுற்றி மெழுகு ஒட்டியிருந்தது. வயிற்றில் நோட்டுத் தாள் கிழித்து ஒட்டிய சீட்டு. 'செப். 19.'

ஒன்பதின் வாலை உள்பக்கமாகச் சுருட்டி எழுதுவது லூர்துவின் பழக்கம். நூறு கார்டில் அதைப் பார்த்திருக்கிறேன்.

வேறு எதிலும் அளக்கக் கூடாது என்று நான் அவளிடம் சொல்லியிருந்தேன். டம்ளரில் அளந்து எழுதாதே, மருந்து கிளாஸில் அளந்து எழுதாதே, அதெல்லாம் அளவே இல்லை என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். அவள் அளக்கவில்லை. கண்ணாடி உடைந்த நாளிலிருந்து ஒவ்வொரு நாள் மழையையும் ஒரு பாட்டிலில் ஊற்றி, மூடி, மெழுகு வைத்து, தேதி ஒட்டி வைத்திருக்கிறாள். நான் வந்ததும் அளக்கட்டும் என்று.

"என்னங்க தம்பி, ஒக்காந்துட்டீங்க" என்றார் நஞ்சப்பன்.

"பாட்டில் நிறைய இருந்துச்சிங்களா? குடுக்கறப்ப?"

"நெறையவா? உங்க மாமியாரு வூட்டுல மாதா படத்துக்குக் கீழ வரிசையா நிக்குது. தேதி வாரியா. ஆஸ்பத்திரி மாதிரி."

அன்றே பென்னாகரம் பஸ் ஏறினேன். பையில் நோட்டும் லூர்துவின் கார்டுகளும் புது அளவுக் கண்ணாடியும் இருந்தன. கண்ணாடி நவம்பரில் கல்லூரியிலிருந்து தபாலில் வந்தது. அந்த வருடம் அக்டோபரோடு மழை நின்றுவிட்டது; மூன்று மாதமாகப் பூச்சியம் எழுதிக்கொண்டிருந்தேன், அதைப் பிரிக்க வேண்டி வரவில்லை.

பஸ்ஸில் யோசித்தது பாட்டிலைப் பற்றி அல்ல. அத்தையிடம் என்ன சொல்வது என்று. அதற்கு லூர்து இறந்த காலையைச் சொல்ல வேண்டும்.

ஐந்து நாள் டைபாய்டு. தகவல் கேட்டு நானும் அத்தையும் இண்டூருக்கு வந்திருந்தோம். அன்று காலை காய்ச்சல் குறைந்த மாதிரி இருந்தது. பத்து மணிக்குச் சேலம் கொண்டுபோக வாடகைக் கார் சொல்லியிருந்தேன். அத்தை அடுக்களையில் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தார். நான் கட்டிலருகே இருந்தேன். லூர்து பேசினாள். நான் எழுந்து பின்பக்கமாக நிலத்துக்குப் போனேன். நான் வந்ததிலிருந்து மழை இல்லை, முந்தின இரவுதான் பெய்திருந்தது. அளக்கக் கண்ணாடி இல்லாததால் குப்பியோடு எடுத்து வந்தேன். பத்து நிமிடம் இருக்கும். உள்ளே வந்தபோது அவள் இறந்திருந்தாள்.

கஞ்சியோடு அத்தை வந்தார். மகளைப் பார்த்தார். என் கையில் இருந்த குப்பியைப் பார்த்தார். கோயிலும் அந்தப் பக்கம்தான். நான் ஓடிப்போய்த் தீர்த்தம் வாங்கி வந்தேன் என்று நினைத்துவிட்டார். குப்பியைப் பிடுங்கி, மகள் முகத்தில் தெளித்தார்.

நான் மறுக்கவில்லை. அடக்கத்தன்று எல்லோரிடமும் அத்தை அதைச் சொன்னார். மாப்பிள்ளை தீர்த்தத்துக்கு ஓடினார் என்று. எங்கள் கத்தோலிக்கக் குடும்பங்களில் சாகும்போது 'யேசு மரி சூசை' என்று சொல்லிச் சாவது பெரிய விஷயம். சொல்ல முடியாதவர்களுக்குக் காதில் சொல்வார்கள். மகள் கடைசியாக என்ன சொன்னாள் என்று அத்தை கேட்டார். யேசு மரி சூசை சொன்னாள் என்றேன். அன்று அதுதான் வாயில் வந்தது.

முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகு அத்தை வீட்டைச் சுத்தம் செய்தார். பரணில் இருந்த பாட்டில்களை அப்போதுதான் எடுத்துப் போயிருக்க வேண்டும். நான் அன்று எங்கே உட்கார்ந்திருந்தேன் என்று நினைவில்லை.

அத்தை பெயர் ராணியம்மாள். பென்னாகரத்தில் இரண்டு எருமை வைத்துக்கொண்டு வீடுகளுக்குப் பால் ஊற்றுகிறார். வாசலில் ஆடு மேய்க்கும் பாஞ்சாலி நின்றிருந்தாள்.

"ஒரு வாயி குடும்மா. போன வாட்டி குடுத்தது வெள்ளாட்டுக்கு நல்லாக் கேட்டுச்சி. இப்ப கெடாவுக்குத் தலைய சுத்துது."

"கெடாவுக்கு வயசாச்சி, சுத்தும். தீர்த்தம் என்ன ஓடுற ஓடையா? அம்மாசிக்கு ஒருக்கா வந்து நிக்கிற. ஞாயித்துக் கெழம கோயிலுக்கு வந்து நில்லு, பாப்பம்."

"உங்க சாமிக்கு நானு வந்தாத்தான் ஆவுமா? ஆடு வந்தா ஆவாதா?"

அத்தை என்னைப் பார்த்துவிட்டார். "வாங்க மாப்ளெ" என்று முக்காட்டைச் சரி செய்தார். பாஞ்சாலியிடம், "அப்பறம் வா" என்றார். அவள் போகவில்லை. கொஞ்சம் தள்ளி வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டாள்.

உள்ளே மாதா படம். கீழே பலகையில் பாட்டில்கள். சர்பத் பாட்டில், மருந்து பாட்டில், மண்ணெண்ணெய் வாசம் போகக் கழுவிய பாட்டில். எல்லாவற்றிலும் கோயில் மெழுகுவர்த்தியின் மிச்சத்தை லூர்து உருக்கி ஊற்றியிருந்தாள். செப். 9. செப். 11. செப். 12. கடைசியில் அக். 16. மொத்தம் பதினான்கு. ஓரத்தில் சீட்டு இல்லாத ஒன்று.

"மோர் குடுக்கட்டுங்களா?"

"வேண்டாங்க அத்த. இந்தப் பாட்டிலப் பத்திப் பேசத்தான் வந்தன்."

அவர் முகம் மாறியது. "கேக்க வந்துட்டீங்களா? நீங்க கேட்டா நான் என்ன சொல்ல முடியும். உங்க வூட்டுப் பொருளு. ஆனா இது ஒண்ணுதாங்க எனக்கு அவ வச்சிட்டுப் போனது. பொடவையெல்லாம் அவ நாத்தனாருங்க எடுத்துக்கிட்டாங்க. தேதியப் பாருங்க. எட்டாந்தேதி மாதா திருநா. அதுக்கு மக்யா நாளுல இருந்து ஆரம்பிக்குது. பூசைக்குப் பூசை மந்திரிச்சி வாங்கி வச்சிருக்கா. தனக்கு வரப்போவுதுன்னு தெரிஞ்சிருக்குது."

"அது தீர்த்தம் இல்லீங்க."

"பின்ன?"

"மழத் தண்ணி. அளக்கற கண்ணாடி ஒடஞ்சி போச்சி. அதனால எனக்காகப் பிடிச்சி வச்சிருக்கா."

அவர் சிரித்தார். கேலியாக அல்ல. சின்னப் பிள்ளை சொல்வதைக் கேட்பதுபோல. "மழத் தண்ணிய யாராவது மெழுகு வச்சி மூடுவாங்களா மாப்ளெ? சாவறப்ப யேசு மரி சூசைன்னு சொன்னவ. நீங்கதான சொன்னீங்க. நீங்கதான கோயிலுக்கு ஓடுனீங்க. அந்தத் தீர்த்தத்து மிச்சத்தயுந்தான் நான் ஊத்தி வச்சிருக்கன்" என்று சீட்டு இல்லாத பாட்டிலைக் காட்டினார்.

இதைத்தான் பஸ்ஸில் யோசித்துக்கொண்டு வந்தேன். சொல்லாமல் எழுந்து போனால் உதவித்தொகை போகும். அது போகட்டும் என்று இருந்திருப்பேன். பதினான்கு பாட்டிலும் ஆட்டுக்கும் மாட்டுக்கும் போகும். அது முடியாது. ஆறு வாரம் அவள் செய்த வேலை அது.

"அத்த, நான் அன்னிக்கிக் கோயிலுக்குப் போகல."

அவர் என்னையே பார்த்தார்.

"மழமானி பாக்கப் போனன். என் கையில இருந்தது அந்தத் தண்ணி. வந்து பாத்தா அவ இல்ல. அவ சாமி பேரும் சொல்லல. நான் பொய் சொன்னன்."

"எம் மவள அப்படியே விட்டுட்டு மழ பாக்கப் போனீங்களா?"

"அவதான் போகச் சொன்னா."

"என்ன சொன்னா?"

அவள் சொன்னதை அப்படியே சொன்னேன்.

அத்தை எழுந்து அடுக்களைக்குப் போனார். ஒரு பாத்திரத்தை எடுத்து வைக்கும் சத்தம். வெளியே பாஞ்சாலி ஆட்டை அதட்டினாள். நான் பாட்டில்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. போய்விடலாம் என்று தோன்றியது. போகவில்லை.

கால் மணி நேரம் கழித்து வந்தார். கண் சிவந்திருந்தது. கையில் உலர்ந்த துணி.

"போன வருசம் உங்க வூட்டுல பத்து நாளு தங்கியிருந்தன்" என்றார். "எட்டரை ஆச்சின்னா அவளுக்குக் கையி காலு நிக்காது. அடுப்புல பால வச்சிட்டு ஓடுவா. பொங்கி ஊத்தும். பால்காரி மவ பாலப் பொங்க விடுறியேடின்னு திட்டுவன். வந்து சிரிப்பா. யேசு மரி சூசை சொன்னான்னு நீங்க சொன்னப்பவே யோசிச்சன். கோயில்லயே தூங்கி வழியறவ. நம்பிக்கிட்டன், அவ்வளவுதான். இப்ப நீங்க சொல்றதுதான் எம் மவ பேச்சு."

கையிலிருந்த துணியால் பலகையின் ஓரத்தைத் துடைத்தார்.

"கோயிலுக்கு ஓடுனீங்கன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கன். அது கெடக்கட்டும். எதுல அளப்பீங்க?"

பையிலிருந்து கண்ணாடியை எடுத்தேன்.

"அளந்துட்டு?"

"கீழதான் ஊத்தணும்."

"கீழ ஊத்தறதா இருந்தா தொடாதீங்க." பலகைக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். "தீர்த்தமோ மழையோ, எம் மவ கையால பிடிச்சது. உங்களுக்கு வேண்டியது நம்பருதான? அளந்து எழுதிக்கிட்டு, மறுக்கா பாட்லுல ஊத்திக் குடுங்க. நம்பரு உங்களுக்கு, தண்ணி எனக்கு."

அது எனக்குத் தோன்றவே இல்லை.

தரையில் சமமான இடம் பார்த்து உட்கார்ந்தோம். அத்தை மெழுகைக் கத்தியால் சுரண்டினார். நான் கண்ணாடியில் ஊற்றி, குனிந்து பார்த்து, எண்ணைச் சொல்லி எழுதினேன். செப். 9, 14.2. செப். 11, 3.6. செப். 12, 22.0. அத்தை தன் பால் புனலைத் துணியால் துடைத்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் திரும்ப ஊற்றினார். பால் ஊற்றிப் பழகிய கை. ஐந்தாவது பாட்டிலுக்கு அவரே குனிந்து பார்த்து, "பதினெட்டுக்கு ஒரு கோடு கம்மி" என்றார். சரியாக இருந்தது.

சீட்டு இல்லாத பாட்டில் கடைசி.

"இதுல ஒரு கை அவ மூஞ்சில தெளிச்சன்" என்றார்.

அளந்தேன். பதினொன்று. நோட்டில் 'அக். 23: 11.0-க்கு மேல்' என்று எழுதினேன்.

"குடுத்ததெல்லாம் எத்தன?"

"மூணு. நஞ்சப்பனுக்கு ஒண்ணு. வெளிய ஒக்காந்திருக்கிற இவளுக்கு ஒண்ணு. கோயில் தெரு மிக்கேலம்மாளுக்கு ஒண்ணு, முட்டிவலிக்கி. இப்ப போயிக் கேட்டா முட்டியத்தான் காட்டுவா."

கார்டுகளில் அவள் மழை உண்டு என்று எழுதிய நாட்களையும் பாட்டில்களையும் ஒத்துப் பார்த்தேன். மூன்று நாள் குறைந்தது. நஞ்சப்பன் கொண்டுவந்த பாட்டில் செப்டம்பர் 19. மற்ற இரண்டும் செப்டம்பர் 27, அக்டோபர் 4. அந்த மூன்றுக்கும் நேராக 'அளவு இல்லை' என்று எழுதினேன். மழை இல்லாத நாட்களுக்கு 0.0. நாற்பத்தைந்து வரியும் நிரம்பியது.

வெளியே வந்தபோது பாஞ்சாலி எழுந்தாள். "இப்பவாச்சும் ஒரு வாயி?"

"இது மழத் தண்ணிடி" என்றார் அத்தை.

"மழத் தண்ணியா? எங்க கெடாவுக்கு அதுவே போதும். அது என்ன வேதக்காரனா, கோயிலுத் தீர்த்தம் கேக்க?"

லூர்து போனபிறகு அத்தை வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். நானும் சிரித்தேன் போலிருக்கிறது. பாஞ்சாலி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

நோட்டைப் படியெடுத்து அனுப்பினேன். ஆறு வார மழை எப்படி ஒரே நாளில் அளக்கப்பட்டது என்று ஒரு பக்கம் எழுதி இணைத்தேன். பேராசிரியர் ஒரு வரியில் பதில் போட்டார். 'மூன்று இடத்தில் அளவு இல்லை என்று எழுதியிருப்பதால் மற்றதை நம்புகிறேன். விண்ணப்பம் போய்விட்டது. நீ கல்லூரிக்கு வா.'

போனேன். ஏப்ரலில் சென்னையில் நேர்முகம். நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் அந்த ஒரு பக்கத்தைக் கையில் வைத்திருந்தார்.

"மூடிய பாட்டிலிலிருந்து ஆவியாகப் போயிருக்காது என்று எப்படிச் சொல்வீர்கள்?"

"எட்டு பாட்டில் ஒரே மாதிரி மூடி, அளந்து, இரண்டு மாதம் வைத்துப் பார்த்தேன் சார். ஆறில் வித்தியாசம் இல்லை. இரண்டில் அரை மில்லிமீட்டர் குறைந்தது."

"அந்த எட்டுக்கும் மெழுகு யார் வைத்தது?"

"என் மாமியார்."

அவர் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னார். இருவரும் தலையாட்டினார்கள். ஆஸ்திரேலியாவில் எதைப் பார்க்க விரும்புகிறாய் என்று இன்னொருவர் கேட்டார். எங்களுக்குக் கிடைப்பதில் பாதி மழையில் அவர்கள் கோதுமை எடுக்கிறார்கள், அந்த மண்ணில் ஈரம் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும் என்றேன். சொல்லும்போது உண்மையாகவே பார்க்க வேண்டும் போல இருந்தது. ஆறு மாதத்தில் முதல் தடவை.

ஜூலையில் உத்தரவு வந்தது. மறு ஜனவரியில் கப்பல். அந்தப் பருவத்தையும் முடித்துவிட்டுப் போகலாம்.

மழைமானியை என்ன செய்வது என்று அத்தையிடம் கேட்கவில்லை. செப்டம்பரில் அவரே வந்துவிட்டார். இரண்டு எருமை, ஒரு டிரங்குப் பெட்டி, பதினைந்து பாட்டில். "அங்க ஊத்தற பால இங்க ஊத்தறன். ரெண்டு வருசந்தான?" என்றார். இந்தத் தடவை கண்ணாடி இரண்டு வாங்கினேன். ஒன்று வெளியே. மற்றொன்று வேட்டித் துணியில் சுற்றி ராகிக் குதிருக்குள். கார்டு நூறு வாங்கி வைத்தேன். வெளிநாட்டுக்கு அது போகாது, பேராசிரியருக்குப் போகும். எனக்கு மாதம் ஒரு கடிதம் போட்டால் போதும் என்றேன்.

"கீழ ஒரு வரி எழுதலாமில்ல?"

"எழுதுங்க."

கிளம்பும் நாள். ஐந்தரைக்கு எழுந்தேன். அத்தை களி கரைத்து வைத்திருந்தார். நஞ்சப்பன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு முன்னால் போய்விட்டார். ஒன்பது மணிக்குத் தருமபுரி பஸ்.

எட்டேகாலுக்கு அத்தையோடு நிலத்துக்குப் போனேன். ராகி அறுத்த தாள் நின்றிருந்தது. அத்தை புனலைக் கழற்றி, குப்பியை எடுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். காலி. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நோட்டில் தேதி போட்டார். 0.0. பூச்சியத்தை மெதுவாக, வட்டமாகப் போட்டார்.

நோட்டை மூடிவிட்டு, "மாப்ளெ, அவ கடசியா என்ன சொன்னா? இன்னொருக்காச் சொல்லிட்டுப் போங்க" என்றார்.

சொன்னேன்.

"எட்டரை ஆயிருக்கும். போயிப் பாத்துட்டு வாங்க."